தும்பைப் பூ பார்த்திருக்கிறீர்களா, ஸார்?

ஒரு சின்னப் பரீட்சை. பேனாவை எடுங்கள். ஆபீஸில் இருந்தால் மானேஜர் பார்க்காத சமயமாக எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பூக்களின் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். மூன்றே நிமிடம். பக்கத்து சீட்டைப் பார்த்து எழுதக் கூடாது. பார்த்தாலும் பிரயோஜனம் இருக்காது, அவருக்கும் தெரியாது.

எங்கள் ஆபீஸ் கான்டீனில் இந்தப் பரீட்சையை வைத்தேன். மல்லி, முல்லை, ரோஜா, சாமந்தி என்று எல்லோரும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் கிளம்பினார்கள். ஐந்தாவதிலேயே வண்டி முக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் 'தாமரை' என்று எழுதி, 'இதில் அரசியல் இல்லை' என்று பிராக்கெட் போட்டார். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் பிரதர் பதினோராவது பூவாக 'காலிஃப்ளவர்' என்று எழுதினார். அன்றைக்கு அதுதான் ஹையஸ்ட் ஸ்கோர்.

இதே பரீட்சையைக் கபிலர் எழுதி 99 மார்க் வாங்கியிருக்கிறார். 'குறிஞ்சிப்பாட்டு' மொத்தம் 261 அடி. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்ட அவர் பாடியது என்பார்கள். மலைநாட்டுப் பெண்கள் அருவியில் குளித்துவிட்டு, பூக்களாகப் பறித்துப் பாறை மேல் குவிக்கிறார்கள். காந்தளில் ஆரம்பித்து தொண்ணூற்றொன்பது பெயர்களை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார் மனிதர். (அதில் அடும்பும் ஒன்று. அது கடற்கரை மணலில் படரும் கொடி. மலைப்பாறை வரைக்கும் அதை யார் டெம்போவில் ஏற்றி வந்தார்கள் என்று கபிலர் சொல்லவில்லை. லிஸ்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வேகம் வந்துவிட்டால் இப்படித்தான்.)

இந்த லிஸ்ட் நம் கைக்கு முழுசாக வந்ததே ஒரு கதை. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-ல் அச்சிட்டார். அவரிடம் இருந்த ஏடுகளில் பூக்களின் வரிசையில் நடுவே கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. தருமபுரம் மடத்துச் சுவடிகளைக் குடைந்து அந்தப் பகுதியைத் தேடிப் பிடித்ததை அவரே எழுதியிருக்கிறார். நாலைந்து பூக்களின் பெயருக்காக ஒருவர் ஊர் ஊராக அலைந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. முகங்கள்தான் போய்விட்டன. 'அனிச்சம்' எது என்று அறிஞர்கள் இன்னமும் ஒத்துப்போகவில்லை. அது போகட்டும், அது ரொம்ப சென்ஸிடிவ் பூ, முகர்ந்தாலே வாடிவிடும். தினமும் நாம் செருப்பால் மிதித்துக்கொண்டு போகிற தும்பையையாவது தெரிய வேண்டாமா?

'தும்பைப் பூ மாதிரி வெள்ளை வேட்டி' என்று எத்தனை தடவை படித்திருப்பீர்கள், எழுதியும் இருப்பீர்கள். அந்தப் பூவை நேரில் பார்த்தவர் கை தூக்குங்கள் என்றால் கான்டீனில் டீ ஊற்றுகிற பையனைத் தவிர யாரும் தூக்கவில்லை. அவன் விருத்தாசலம் பக்கம்.

தும்பையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ரயில்வே ஸ்டேஷன் வேலியோரம், வயல் வரப்பு, வீட்டு மனை, எங்கும் முழங்கால் உயரத்துக்கு முளைக்கும். இலை குறுகலாக, எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக இருக்கும். தண்டில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பச்சைப் பந்து. அந்தப் பந்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று குட்டிப் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் மேலுதடு சின்னது, கீழுதடு பெரிசு, கோபித்துக்கொண்ட குழந்தை உதட்டைப் பிதுக்கிய மாதிரி. இதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. சதுரம்! வீட்டுத் துளசியையும் உருட்டிப் பாருங்கள், அதுவும் சதுரம்தான். இரண்டும் ஒரே குடும்பம். பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சினால் ஊசி முனையளவு தேன் வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் சாக்லேட். பக்கத்தில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறிஞ்சுவது நல்லது.

இத்தனை சாதுவான பூவைத்தான் அந்தக் காலத்துப் போர்வீரன் தலையில் சூடிக்கொண்டு நேருக்கு நேர் சண்டைக்குப் போனான். அந்தத் திணைக்கே பெயர் தும்பை. மாடு பிடிக்கப் போனால் வெட்சி, கோட்டையைக் காத்து நின்றால் நொச்சி, ஜெயித்தால் வாகை. இன்றைக்கு நொச்சி ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கத்தான். (எங்கள் மானேஜர் பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியைக் காத்து வருகிறார். நொச்சி மாலை அவருக்குத்தான் பொருந்தும்.)

வாகையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'வாகை சூடினார்' என்று ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் தினமும் போடுகிறார்கள். கிரிக்கெட், செஸ், கேரம், எலெக்‌ஷன், எல்லாவற்றிலும் வாகை சூடுகிறார்கள். சூடினவருக்கும் தெரியாது, எழுதினவருக்கும் தெரியாது, அந்த மரம் பத்திரிகை ஆபீஸ் வாசல் டீக்கடைக்கே நிழல் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் நின்றால் வாசனை ஆளைத் தூக்கும். இதழ் எங்கே என்று தேடாதீர்கள். பவுடர் பஃப் மாதிரி இழை இழையாக, வெண்மையில் கொஞ்சம் பச்சை கலந்தது போல இருக்கும். இதே சைஸில் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்து, கறுப்பாகப் பிசுபிசுவென்று காய் தொங்கினால் அது தூங்குமூஞ்சி மரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைச் சூடிக்கொண்டால் வெற்றி வராது, தூக்கம்தான் வரும்.

வாகைக்கு இன்னொரு அடையாளம் உண்டு. இலையெல்லாம் கொட்டின பிறகு தட்டையான வெளுத்த நெற்றுக்கள் மட்டும் தொங்கும். காற்றடித்தால் சலசலவென்று சத்தம். குறுந்தொகைப் புலவர் ஒருவர், கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்குக் கொட்டுகிற பறை மாதிரி அது ஒலிக்கிறது என்கிறார். வெள்ளைக்காரர்கள் ஓயாத அந்தச் சத்தத்தைக் கேட்டு 'பெண்களின் நாக்கு' என்று பெயர் வைத்தார்கள். இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "மரத்துக்குப் பேர் வைக்கிற வேலையை ஆம்பளைங்க கிட்ட விட்டா இப்படித்தான்" என்று பதில் வந்தது. சமையலறையிலிருந்து வேறு சில சத்தங்களும் வந்தன.

பறையை விடுங்கள், அந்தப் புலவர்களைக் கவனியுங்கள். பூவை வர்ணிக்கிறோம் பேர்வழி என்று அவர்கள் 'அழகு, ஆஹா' என்று பூசி மெழுகவில்லை. அடையாளம் சொன்னார்கள். அடும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இலை மான் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், பூ குதிரைக் கழுத்து மணி மாதிரி இருக்கும் என்று குறுந்தொகையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகிறவர்கள் சுண்டலோடு திரும்பி வராமல், திருவான்மியூர் பக்கமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். மணலில் கொடி படர்ந்திருக்கிற இடத்தில் இலையைப் பாருங்கள். சாட்சாத் குளம்பு! பக்கத்திலேயே ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் மணி. லத்தீன் பெயர் வைத்தவருக்கும் அதே யோசனைதான் வந்திருக்கிறது, அவர் மானுக்குப் பதிலாக 'ஆட்டுக் கால்' என்று வைத்தார். காலையில் போனால்தான் மணி விரிந்திருக்கும். அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அங்கே 'பீச் வியூ' கட்டுகிறார்கள்.

நெருஞ்சிக்கு வருவோம். தரையோடு தரையாகப் படரும், ஐந்து இதழ், பளீரென்ற மஞ்சள். பார்த்தால் குனிந்து தொடத் தோன்றும். நாலு நாள் கழித்து அதே இடத்தில் நடந்தால் செருப்பில் முள். சைக்கிள் டியூபில் முள். கல்யாணமான புதிதில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த புருஷன் இப்போது இப்படி ஆகிவிட்டான் என்று ஒரு தலைவி நெருஞ்சியை உதாரணம் காட்டிப் புலம்புகிற பாட்டும் குறுந்தொகையில் இருக்கிறது. பாடியவர் அள்ளூர் நன்முல்லை, பெண் புலவர். இந்தப் பாட்டை நான் வீட்டில் வாசித்துக் காட்டவில்லை.

கல்யாணமாகாத பிரதர்களுக்கு ஆவாரை. கொத்துக் கொத்தாக மஞ்சள், காய்ந்த செம்மண்ணிலும் கரிசலிலும் இடுப்பு உயரப் புதர். மதுரைக்குத் தெற்கே ரயிலில் போகிறவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே இதைப் பார்க்கலாம். மஞ்சள் பூ ஆயிரம் இருக்கிறதே, ஆவாரை என்று எப்படி நிச்சயம் செய்வது? இலைக் காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பச்சையாகக் காது மடல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். லத்தீனிலும் இதற்குக் 'காதுள்ளது' என்று அர்த்தப்படத்தான் பெயர். பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். பூவைக் காயவைத்து டீ போட்டுக் குடிப்பவர்கள் இன்றும் உண்டு.

காதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பெண் வீட்டார் சம்மதிக்கவில்லையென்றால் சங்க காலத்து இளைஞன் பனைமட்டையில் குதிரை செய்து, ஆவிரையும் பூளையும் எருக்கும் சூடிக்கொண்டு நடுத்தெருவில் ஊர்வலம் வருவேன் என்று மிரட்டுவான். மடலேறுதல். இன்றைய வாட்ஸப் ஸ்டேட்டஸுக்குப் பாட்டன். இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? மானம் போனாலும் பரவாயில்லை என்று கிளம்புகிறவன் மல்லிகை சூடவில்லை. யாரும் பறிக்காத, யாரும் சூடாத, வேலியோரத்துப் பூவாகப் பார்த்துச் சூடுகிறான். ஊரில் எல்லோருக்கும் அந்தப் பூ எது, எங்கே முளைப்பது என்று தெரிந்திருந்தால்தான் அந்த மிரட்டலே பலிக்கும். இன்றைக்கு ஒருவன் எருக்கம்பூ மாலையோடு ஓ.எம்.ஆரில் வந்தால் 'ஏதோ பிராண்ட் புரமோஷன்' என்று செல்ஃபி எடுப்பார்கள்.

அடுத்த பரீட்சை. எது உள்ளூர், எது வெளியூர்?

நாகலிங்கப் பூ. கோயில் கோயிலாக வளர்க்கிறோம், உள்ளே லிங்கம், மேலே படமெடுத்த நாகம். ஊர், தென் அமெரிக்கா. துலுக்கச் சாமந்தி, மெக்ஸிகோ. காகிதப் பூ, அதுவும் தென் அமெரிக்கா. நித்யகல்யாணி என்று மங்களகரமாகப் பெயர் வைத்துக்கொண்டிருப்பது மடகாஸ்கர் பூ. (அதையே சில ஊர்களில் 'சுடுகாட்டு மல்லி' என்பார்கள். கல்யாணமும் சுடுகாடும் ஒரே செடியில்! ரத்தப் புற்றுநோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள், ஆகவே மரியாதை.) சிராய்ப்புக்குக் கசக்கி வைக்கிறோமே வெட்டுக்காயப் பூண்டு, நீளக் காம்பின் நுனியில் ஒற்றையாக, நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி மூன்றாக வெட்டின வெளிறிய இதழ்கள், பிள்ளைகள் தாத்தாப்பூ என்று தலையைச் சுண்டி விளையாடுவது? 'நம்ம பாட்டி வைத்தியம் ஸார்' என்று பக்கத்து சீட் நண்பர் பெருமைப்பட்டார். அந்தச் செடியே அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் பாட்டிகள் வந்தவனையும் சும்மா விடாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

சரி, இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கும் டிசம்பர் பூ? உள்நாடு! கனகாம்பரமோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தம். எவ்வளவு பந்தா இல்லாத பூ பாருங்கள், வாசனை கூடக் கிடையாது.

பெயரைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது. ஒரே ஒரு குறுக்கு வழி உண்டு. 'சீமை' என்று ஆரம்பித்தால் அநேகமாக வெளியூர்: சீமை அகத்தி, சீமைக் கருவேலம். மற்றபடி வந்ததெல்லாம் மோசமில்லை. மிளகாயும் தக்காளியும் வந்தவைதான், சாம்பாரைக் கொட்டிவிடவா முடியும்? ஆனால் சிலது வந்து மூலையில் உட்காராமல் வீட்டுக்காரரைக் காலி பண்ணச் சொல்லும். 1950-களில் புனே பக்கம் தலைகாட்டிய பார்த்தீனியம் இப்போது இல்லாத ஊர் இல்லை. உண்ணிச்செடியை வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அலங்காரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸுமாக அழகுதான். இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மானுக்குப் புல் முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'காடு பச்சைப்பசேல் என்று இருக்கிறது' என்று டூரிஸ்டுகள் சந்தோஷப்படுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் என் அம்மாயியை மிஞ்ச ஆள் கிடையாது. ஈரோடு பக்கம், எண்பத்தாறு வயசு. 'காட்டுப்பூ' என்கிற வார்த்தையே அவளிடம் இல்லை. ஆடு தின்பது, ஆடு தின்னாதது, வயிற்று வலிக்கு ஆவது, நோம்பிக்கு ஆவது, அவ்வளவுதான் வகை. போன தை மாதம் தோட்டத்து வரப்பில் ஒரு படர்கொடியைக் காட்டிக் கேட்டேன். இலை வட்டமாக, பூ கறுத்த ஊதாவில் சின்னக் குழாய் மாதிரி.

"இது கூடவா தெரியாது சாமி? வெள்ளாடு எல்லாத்தையும் கடிக்கும், இதைக் கடிக்காது. ஆடுதின்னாப்பாளை."

"ஏன் அம்மாயி கடிக்காது?"

"கசக்கும். நீ வேணா கடிச்சுப் பாரு."

பெயரிலேயே அடையாளமும் எச்சரிக்கையும் வந்துவிட்டது. ரோஜா அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு மட்டும் இந்தக் கசப்பைத் தின்று, அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அதைப் பறவை தின்னாது. குப்பைமேனிக்கு இன்னொரு பெயர் பூனைவணங்கி. வேரோடு பிடுங்கிப் பூனை முன்னால் போட்டால் அது புரண்டு புரண்டு கும்பிடும். காந்தளுக்கு அம்மாயி சொல்வது கண்வலிக் கிழங்கு. வேறு ஊரில் கலப்பைக் கிழங்கு, கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால். இன்னொரு பெயர் கார்த்திகைப்பூ, எப்போது தேட வேண்டும் என்று காலண்டரே கொடுத்தாகிவிட்டது. வேலியில் ஏறி, இலை நுனியைச் சுருட்டிப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இதழ், பச்சையில் பிறந்து மஞ்சளாகி நெருப்பாகச் சிவக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ இதுதான். கிழங்கு கடும் விஷம், ஆகவே மாநிலப் பற்றைத் தூரத்தில் நின்று காட்டவும்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசல், மாட்டுக்கொட்டகை, தோட்டம், எல்லா இடத்திலும் செருகுவது. பூளை என்பது வெள்ளைப் பஞ்சை உருட்டிக் குச்சியில் ஒட்டின மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அம்மாயி தெற்கே நூறு அடி போய் ஒடித்துக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது அந்த மேட்டாங்காட்டில் மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். போன வருஷம் சந்தையில் ஒரு கட்டு இருபது ரூபாய்க்கு வாங்கினார்கள். "ஆவாரம்பூவைக் காசு குடுத்து வாங்கற காலம் வந்துருச்சு" என்று அவள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாயிக்குப் பிறகு இந்தப் பெயர்களெல்லாம் எங்கே போகும்? கொஞ்சம் புத்தகத்தில் இருக்கிறது. 1768-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். பின்னாலேயே 1776-ல் வந்த ராட்லர் பாதிரியார் செடிகளையும் சேகரித்தார், தமிழ் - இங்கிலீஷ் அகராதியும் தொகுத்தார். இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. 1980-களில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலிருந்து ஃபாதர் மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து வால்யூம் வால்யூமாக வெளியிட்டார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை கனம்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். கையில் போன் இருக்கிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப்கள் வந்துவிட்டன. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி சிலவற்றில் மற்றவர்களும் பார்த்துச் சரி, தப்பு சொல்வார்கள். ஆனால் நம்மவர்கள் பூவை மட்டும் பாஸ்போர்ட் சைஸில் எடுத்து அனுப்புகிறார்கள். ஆப் திணறிப் போய் ஐந்து பெயர் சொல்லும். முழுச் செடி ஒரு படம், இலை ஜோடியாக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு படம், இலையின் அடிப்பக்கம், காய் இருந்தால் காய். ஒடித்தால் பால் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், எருக்கில் வந்தால் கண்ணில் படாமல் கையைக் கழுவுங்கள். எங்கே நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். குளத்துக்கு உள்ளேயா, கரையிலா, பாறை இடுக்கிலா, சாக்கடை ஓரமா? இடம் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. நிலத்துக்கே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடியின் பெயரை வைத்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்றைக்கு நிலத்துக்கு ஒரே பெயர்தான் வைக்கிறோம். தரிசு! அரசாங்கமே 'வேஸ்ட்லேண்ட் அட்லஸ்' என்று ஒன்று வெளியிடுகிறது. அதில் புதர்க்காடும் ஒரு வகை வேஸ்ட். ஆவாரையும் பூளையும் எருக்கும் காரையும் நிற்கிற இடம் ஆபீஸ் பாஷையில் வேஸ்ட். பள்ளிக்கரணையைக் கூட அப்படித்தான் நினைத்தோம், ஊர்க் குப்பையை அங்கேயே கொட்டினோம். 2022-ல் அது ராம்சர் பட்டியலில் ஏறின பிறகு, 'அட, சதுப்பு நிலமா' என்று திரும்பிப் பார்க்கிறோம்.

எங்கள் ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டி முக்கால் கிரவுண்டு சும்மா கிடக்கிறது. வருஷா வருஷம் மார்கழியில், டைரக்டர் விசிட்டுக்கு முன்னால் ஜே.சி.பி. வந்து சுரண்டிவிட்டுப் போகும். போன மார்கழியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர், "புல்லும் புதரும்தானே ஸார்" என்று போனைக் கையில் எடுத்தார். கான்டீன் பரீட்சையில் ஃபெயிலான கோஷ்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. லஞ்ச் டயத்தில் நாலு நாள் குனிந்து நிமிர்ந்து லிஸ்ட் போட்டோம். வாட்ச்மேன் தாத்தா ஆப்பைவிட வேகமாகப் பெயர் சொன்னார். தும்பை, நெருஞ்சி, யானை நெருஞ்சி (இலையைத் தண்ணீரில் போட்டு ஆட்டினால் தண்ணீர் கஞ்சி மாதிரி கொழகொழக்கும், பண்ணிக் காட்டினார்), குப்பைமேனி, நாயுருவி, பூளை, எருக்கு, அதில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று, மூலையில் இரண்டு ஆவாரை. மொத்தம் இருபத்து மூன்று. பார்த்தீனியத்தையும் எண்ணி, தனியாகச் சிவப்பு மையில் எழுதினோம்.

லிஸ்டை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு பேர் இருக்கா?" என்றார். பேர் என்று அவர் பெயரைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா தெரியவில்லை. அதற்குள் ஹெச்.ஆரில் கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தர், பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூளையும் ஆவாரையும் இங்கேயே இருக்கிறதா என்று கேட்டு, அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு சர்க்குலரே அனுப்பிவிட்டார். ஜே.சி.பி. முன்பக்கம் மட்டும் சுரண்டிவிட்டுப் போனது. ஆவாரை மூலை தப்பியது. இந்த மார்கழிக்கு என்ன ஆகும் என்பது புது டைரக்டரைப் பொறுத்தது. அவர் லான் பிரியர் என்று கேள்வி.

லிஸ்டில் இருபத்து நாலாவதை அக்கவுன்ட்ஸ் பிரதர் போன வாரம் சேர்த்தார். காலிஃப்ளவர் ஆசாமியேதான். தரையோடு படர்ந்த மெல்லிய கொடியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூ, விஷ்ணுகிராந்தி. மூன்று நாளாக லஞ்ச் டயத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அது காலையில் விரிந்து வெயில் ஏறினதும் சுருங்கிவிடுகிற ஜாதி. அன்றைக்கு அவர் அதிசயமாக எட்டேமுக்காலுக்கே ஆபீஸுக்கு வந்திருந்தார்.